கோடும் புள்ளியும் யாருக்குச் சொந்தம்? கோர்ட்டில் ஜெயித்தும் ஆறாத மோர்ஸின் கதை!

ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களுக்கு ஒரு ஐடியா வருது. செம ஐடியா! தூக்கமே போயிடுது. காலையில் எழுந்ததும் கூகுளில் தேடுறீங்க. கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்றை வேறு ஏதோ நாட்டில் யாரோ மூன்று வருடத்துக்கு முன்னாலேயே பண்ணிவெச்சிருக்காங்க. போச்சுடா என்று லேப்டாப்பை மூடிவிட்டுப் பல் தேய்க்கப் போயிடுறீங்க.

ஒரு நிமிஷம். அது உண்மையிலேயே `அதே' ஐடியாதானா? முன்னாடி இருந்ததுக்கும் உங்களுடையதுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம், ஒரு பேட்டன்ட் வாங்கும் அளவுக்குப் பெரியதா, சின்னதா? இதை யார், எப்படி முடிவு பண்றாங்க?

இந்தக் கேள்வியோடு சுமார் 20 வருடங்கள் மல்லுக்கட்டிய ஒருவரின் வாழ்க்கையைத்தான் இப்போது பார்க்கப்போறோம். அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். மோர்ஸ் கோடு என்று பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்க. சாமுவேல் ஃபின்லி ப்ரீஸ் மோர்ஸ். நம்ம ஊரில் 2013 ஜூலை வரை உயிரோடு இருந்த `தந்தி' சேவையின் ஆதிகாலத்து நாயகர்களில் ஒருவர்.

இதில் முதல் ஆச்சர்யம், அவர் விஞ்ஞானியே கிடையாது.

தூரிகையோடு தொடங்கிய வாழ்க்கை

1791, ஏப்ரல் 27. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் சார்லஸ்டவுனில் பிறந்தார் மோர்ஸ். அப்பா ஜெடிடையா மோர்ஸ் ஒரு போதகர். அந்தக் காலத்து அமெரிக்கப் பிள்ளைகள் படித்த புவியியல் புத்தகங்களை எழுதியவரும் அவர்தான். மகன் யேல் கல்லூரியில் படித்தார். அங்கே மின்சாரம் பற்றிய சில வகுப்புகளையும் கேட்டார். ஆனால், மனசு முழுக்க ஓவியம்தான். 1811-ல் லண்டனுக்குக் கப்பல் ஏறி, ராயல் அகாடமியில் ஓவியம் பயின்றார்.

திரும்பி வந்த பிறகு வாழ்க்கை சுலபமாக இல்லை. பெரிய பெரிய வரலாற்று ஓவியங்கள் வரைய ஆசை. ஆனால், கையில் காசு தந்தது பணக்காரர்களின் முகங்களை வரையும் வேலைதான். 1818-ல் லுக்ரீஷியாவைத் திருமணம் செய்துகொண்டார். ஊர் ஊராகப் போய் உருவப்படம் வரைந்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

1825-ல் ஒரு ஜாக்பாட். அமெரிக்கச் சுதந்திரப் போரின் ஹீரோ லஃபாயெட்டை வரையும் வாய்ப்பு. நியூயார்க் நகரம் கொடுத்த வேலை. அதற்காக வாஷிங்டன் போனார். மனைவி நியூ ஹேவனில். மூன்றாவது குழந்தை பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பிப்ரவரி 7 அன்று லுக்ரீஷியா திடீரென்று இறந்துபோனார். அப்பா எழுதிய கடிதம் குதிரை வண்டியில் பயணித்து, சில நாள்கள் கழித்துத்தான் மோர்ஸின் கைக்கு வந்தது. அடித்துப்பிடித்து ஊர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. மனைவியின் முகத்தை அவர் கடைசியாக ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இந்தத் துயரம்தான் தந்தியைக் கண்டுபிடிக்க வைத்தது என்று பல ரீல்ஸ்களில் பார்த்திருப்பீங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், அடுத்த ஏழு வருடங்கள் அவர் ஓவியராகவே இருந்தார். நியூயார்க்கில் தேசிய வடிவமைப்பு அகாடமியை ஆரம்பித்து, அதன் முதல் தலைவரானார். தந்தி அவர் வாழ்க்கைக்குள் வந்தது வேறு ஒரு வழியில்.

கப்பலில் நடந்த அரட்டை

1832-ல் ஐரோப்பாவிலிருந்து `சல்லி' என்ற கப்பலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார் மோர்ஸ். வயது 41. சாப்பாட்டு மேஜையில் சார்லஸ் ஜாக்சன் என்ற பாஸ்டன் மருத்துவர் மின்காந்தம் பற்றிப் பேசினார். எவ்வளவு நீளமான கம்பியாக இருந்தாலும் மின்சாரம் கண் இமைக்கும் நேரத்தில் ஓடிவிடும் என்பதாகப் பேச்சு போனது.

மோர்ஸுக்குப் பொறி தட்டியது. மின்சாரம் ஓடுவதையும் நிற்பதையும் வைத்து ஒரு தகவலையே அனுப்பலாமே? மீதிப் பயணம் முழுக்க அவர் நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கிக்கொண்டே வந்தார். எண்களைக் குறிக்கப் புள்ளிகளும் கோடுகளும், காகிதத்தில் குறியிடும் ஒரு கருவி என எல்லாம் அந்தப் படங்களில் இருந்தன.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்க. மின்சாரத்தை வைத்துத் தகவல் அனுப்பலாம் என்று முதலில் யோசித்தவர் தான்தான் என மோர்ஸ் அப்போது நம்பினார். அது தப்பு. ஜெர்மனியில் சோமரிங் என்பவர் 1809-லேயே மின்தந்திக் கருவி ஒன்றைச் செய்துகாட்டியிருந்தார். ரஷ்யாவில் ஷில்லிங் காந்த ஊசியை அசையவைத்துச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். 1833-ல் கவுஸ், வெபர் என்ற ரெண்டு பேராசிரியர்கள் கோட்டிங்கன் நகரத்தின் கூரைகளுக்கு மேலே கம்பி இழுத்துத் தகவல் அனுப்பினார்கள். இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டன் கூட்டணி 1837 ஜூனில் ஊசித் தந்திக்குப் பேட்டன்ட்டே வாங்கிவிட்டது.

நீங்க கூகுளில் பார்த்து ஷாக் ஆன மாதிரி, மோர்ஸும் அன்றைய பத்திரிகைகளைப் பார்த்து ஷாக் ஆனார். வித்தியாசம் என்னன்னா, அவர் மூடிவைக்கவில்லை.

40 அடியில் நின்ற மின்சாரம்

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கலைப் பேராசிரியர் வேலை. அங்கே கொடுத்த அறையிலேயே தூங்கி, அங்கேயே சமைத்து, ஓவியச் சட்டம் ஒன்றைக் கருவியாக மாற்றிச் சோதனை செய்தார். ஒரு பெரிய சிக்கல். சுமார் 40 அடிக்கு மேல் கம்பி நீண்டால் கருவி அசையவே மாட்டேன் என்றது. 40 அடிக்கு எதற்கு தந்தி? கத்திக் கூப்பிட்டாலே கேட்டுடுமே!

அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த லியோனார்ட் கேல் எட்டிப்பார்த்தார். ஜோசப் ஹென்றி என்ற விஞ்ஞானி 1831-ல் எழுதிய கட்டுரையை அவர் படித்திருந்தார். தூரமாக மின்சாரம் போகணும்னா ஒற்றை பேட்டரி போதாது, பல பேட்டரிகளை வரிசையாக இணைக்கணும். காந்தத்தில் நாலு சுற்று போதாது, மெல்லிய கம்பியை நூற்றுக்கணக்கில் சுற்றணும். இதுதான் ஹென்றி கண்டுபிடித்த சூட்சுமம். இதை வைத்து ஒரு மைலுக்கும் நீளமான கம்பியின் மறுமுனையில் மணி அடித்தே காட்டியிருந்தார் அவர். ஆனால், பேட்டன்ட் எதுவும் எடுக்கவில்லை. அறிவியல் எல்லோருக்கும் பொது என்பது ஹென்றியின் கொள்கை.

கேல் சொன்னபடி மாற்றியதும் 40 அடி நூற்றுக்கணக்கான அடியானது. பிறகு, சுருட்டிவைத்த 10 மைல் கம்பி வழியாகவே சிக்னல் போனது.

மோர்ஸ் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். ரிலே. எவ்வளவு பெரிய பேட்டரி வெச்சாலும் தூரம் போகப் போக மின்சாரம் சோர்ந்துபோகும். அந்தச் சோர்ந்த மின்சாரம் பெரிய வேலை எதுவும் செய்ய வேண்டாம். ஒரு சின்ன ஸ்விட்ச்சைத் தட்டினால் போதும். அந்த ஸ்விட்ச் அடுத்த பேட்டரியை உயிர்ப்பிக்கும். அது அடுத்த கம்பிக்குப் புது மின்சாரத்தை அனுப்பும். அஞ்சல் ஓட்டத்தில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் குச்சி மாறுகிற மாதிரி! இப்படியே எத்தனை மைல் வேண்டுமானாலும் போகலாம்.

1837 செப்டம்பரில் சுமார் 1,700 அடிக் கம்பியில் செய்துகாட்டியபோது, ஆல்ஃப்ரெட் வெய்ல் என்ற இளைஞர் அதைப் பார்த்து அசந்துபோனார். அவர் குடும்பத்துக்கு நியூ ஜெர்சியில் இரும்பு ஆலை இருந்தது. பணமும் கைத்திறனும் கொண்டு கூட்டாளியானார். கரடுமுரடான கருவியை நேர்த்தியான இயந்திரமாக மாற்றியதில் வெய்லுக்குப் பெரிய பங்கு உண்டு. புள்ளி-கோடு எழுத்துகளை உருவாக்கியதில் அவர் பங்கு எவ்வளவு என்பது இன்னமும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஒப்பந்தப்படி பேட்டன்ட் மட்டும் மோர்ஸ் பெயரில்.

லண்டனில் சாத்திய கதவு

இனிதான் ஸ்டார்ட்அப் கனவோடு இருக்கும் நீங்க குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய பகுதி.

1838-ல் ஐரோப்பாவில் பேட்டன்ட் வாங்க மோர்ஸ் லண்டன் போனார். போட்டியாளர்கள் எதிர்ப்பு தெரிவித்தார்கள். விஷயம் அட்டர்னி ஜெனரல் ஜான் கேம்ப்பெல்லிடம் போனது. தன் கருவி வீட்ஸ்டன் கருவியிலிருந்து எப்படி வேறுபட்டது என்று விளக்க மோர்ஸ் தயாராக இருந்தார். அதாவது, அங்கே ஊசி அசையும், ஒருவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்கணும். இங்கே காகிதத்தில் தானாகவே பதிவாகும்.

அந்த விளக்கத்துக்கே வேலை இல்லாமல்போனது. மோர்ஸின் கருவியைப் பற்றிய விவரம் அந்த வருடம் பிப்ரவரியில் லண்டன் பத்திரிகை ஒன்றிலேயே அச்சாகியிருந்தது. ஏற்கெனவே வெளியில் வந்த ஒன்று புதுசு கிடையாது. அதனால் பேட்டன்ட் கிடையாது. கதை முடிந்தது!

யோசிச்சுப் பாருங்க. அவர் கண்டுபிடிப்பைக் கவிழ்த்தது வேறு யாருடைய கண்டுபிடிப்பும் இல்லை. அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிய செய்திதான்!

ஃபிரான்ஸில் பேட்டன்ட் கிடைத்தது. ஆனால், ரெண்டு வருடங்களுக்குள் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. அங்கே தந்தித் துறையோ அரசாங்கத்தின் கையில். அதனால் அந்தக் காகிதத்துக்குப் பலன் இல்லை. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 1836 வரை யார் என்ன விண்ணப்பம் போட்டாலும் பெரிதாகச் சோதிக்காமல் பேட்டன்ட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் வந்த புதுச் சட்டம் அதை மாற்றியது. முன்னாடி இருப்பதோடு ஒப்பிட்டு, புதுசுதானா என்று அதிகாரிகள் ஆராய்ந்த பிறகே பேட்டன்ட். அந்தச் சோதனையைத் தாண்டி 1840, ஜூன் 20 அன்று மோர்ஸுக்கு 1,647-ம் எண் பேட்டன்ட் கிடைத்தது.

அதே அறை

பேட்டன்ட் இருந்தும் காசு இல்லை. 1843-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சோதனைக் கம்பி போட 30,000 டாலர் ஒதுக்கியது. அதுவும் சும்மா நடக்கவில்லை. இதில் பாதிப் பணத்தை மனோவசியத்துக்கும் கொடுக்கலாமே என்று ஓர் உறுப்பினர் கிண்டலடித்தார். பிரதிநிதிகள் சபையில் 89-க்கு 83 என்ற வாக்குகளில் மயிரிழையில் தப்பியது மசோதா.

1844, மே 24. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்த ஓர் அறையிலிருந்து, சுமார் 40 மைல் தள்ளியிருந்த பால்டிமோருக்குப் பைபிளின் எண்ணாகமத்திலிருந்து ஒரு வரியைத் தட்டினார் மோர்ஸ். வரியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர், பேட்டன்ட் அலுவலக ஆணையரின் மகள் ஆனி எல்ஸ்வொர்த். பால்டிமோரில் இருந்த வெய்ல் அதை அப்படியே திருப்பி அனுப்பினார். கூட்டம் ஆரவாரித்தது.

அந்த அறை எது தெரியுமா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்போது இயங்கிக்கொண்டிருந்த அறை. பத்து வருடங்கள் கழித்து, அந்தக் கண்டுபிடிப்பு மோர்ஸுடையதுதானா என்ற தீர்ப்பும் அந்த நீதிமன்றத்திலிருந்துதான் வந்தது.

கூட்டாளி எதிரியானபோது

தந்தி ஹிட்டானதும் எல்லோருக்கும் பங்கு வேண்டியிருந்தது. கப்பலில் பேசிய டாக்டர் ஜாக்சன், ஐடியாவே என்னுடையது என்றார். மோர்ஸ் அந்தக் கப்பலின் கேப்டனையும் சக பயணிகளையும் தேடிப்பிடித்துச் சாட்சி வாங்கினார். கருவியைப் பற்றி மோர்ஸ்தான் அப்போது விளக்கிக்கொண்டிருந்தார் என்றார்கள் அவர்கள். இதே ஜாக்சன் பின்னாளில் ஈதர் மயக்க மருந்தும் தன் கண்டுபிடிப்பே என்று இன்னொரு பெரிய சண்டை போட்டது தனிக்கதை.

பெரிய அடி ஹென்றி ஓ'ரெய்லியிடமிருந்து வந்தது. அயர்லாந்திலிருந்து வந்து பத்திரிகையாளராக இருந்தவர். 1845-ல் மேற்குப் பகுதிகளுக்குத் தந்திக் கம்பி போட மோர்ஸ் தரப்போடு ஒப்பந்தம் போட்டார். பிறகு மனஸ்தாபம். வேறு பெயரில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு, மோர்ஸுக்குக் காசு கொடுக்காமலே கென்டக்கியில் லைன் ஓட்டினார். மோர்ஸ் தரப்பு வழக்கு போட, அது படிப்படியாக உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஓ'ரெய்லியின் வாதம் எளிமையானது. இந்த ஆள் எதையும் கண்டுபிடிக்கவே இல்லை. ஐரோப்பாவில் ஏற்கெனவே இருந்தது. மின்காந்தம் ஹென்றியுடையது. இதுக்கு எதுக்குப் பேட்டன்ட்?

அந்தக் காலத்து நீதிபதிகள் இந்த மாதிரி விஷயத்தில் தாராளப் பிரபுக்கள் எல்லாம் இல்லை. இதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னால், 1851-ல், இதே நீதிமன்றத்துக்குக் கதவுக் கைப்பிடி வழக்கு ஒன்று வந்தது. உலோகத்திலும் மரத்திலும் இருந்த கைப்பிடியைக் களிமண்ணிலும் பீங்கானிலும் செய்தவர்களின் பேட்டன்ட். கைப்பிடி பழசு, பீங்கான் பழசு, மாட்டும் விதமும் பழசு. நல்ல தொழிலாளி யாரா இருந்தாலும் இதைச் செய்திருப்பார் என்று சொல்லித் தள்ளிவிட்டது நீதிமன்றம். இன்றைக்கு உலகம் முழுக்கப் பேட்டன்ட் அதிகாரிகள் கேட்கும் `துறை தெரிந்தவருக்கு இது சட்டென்று தோன்றியிருக்குமா' என்ற கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நீதிபதிகள் பிரித்துப் பார்த்த விதம்

1854 ஜனவரியில் தீர்ப்பு. தலைமை நீதிபதி டேனி எழுதியது. அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்.

*கேள்வி ஒன்று: வேறு யாராவது முந்திட்டாங்களா?* வீட்ஸ்டன், ஜெர்மனியின் ஸ்டைன்ஹைல், இங்கிலாந்தின் டேவி என மூவரின் தேதிகளையும் எடுத்துப் பார்த்தார்கள். மோர்ஸ் பேட்டன்ட் வாங்கியது 1840-ல்தான். ஆனால், அவர் தன் கண்டுபிடிப்பை முழு வடிவத்துக்குக் கொண்டுவந்தது மூவருக்கும் முன்பே என்பதற்குச் சாட்சிகள் இருந்தன. அதோடு, அவர்களின் கருவிகள் அமைப்பிலும் வேலை செய்யும் விதத்திலும் வேறு. `தந்தி' என்ற பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒன்றாகிவிடாது. உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டுப் பார்க்கணும்.

*கேள்வி ரெண்டு: அடுத்தவங்க அறிவை எடுத்துக்கிட்டாரே, அது தப்பா?* இல்லை என்றது நீதிமன்றம். புத்தகம் படித்தோ, விஞ்ஞானிகளிடம் கேட்டோ தெரிந்துகொண்டதால் ஒரு கண்டுபிடிப்பாளரின் உரிமை குறையாது. இந்த மாதிரி ஒரு கருவியைச் செய்பவர் எங்காவது யாரிடமாவது கற்றுத்தானே ஆகணும்? மின்காந்தம் எல்லோருக்கும் தெரியும். தூரம் போனால் சோர்ந்துபோகும் என்பதும் தெரியும். பழைய பொருள்களைப் புது விதமாகக் கோத்து, அந்தச் சோர்வைத் தாண்டியதுதான் மோர்ஸ் செய்தது.

ரெண்டிலும் மோர்ஸுக்கு வெற்றி! ஓ'ரெய்லி அத்துமீறியது உறுதியானது.

*கேள்வி மூன்று: நீங்க கேட்கிற எல்லையின் அளவு என்ன?* இங்கேதான் மோர்ஸ் மாட்டினார்.

பேட்டன்ட் என்பது ஒரு நிலப்பத்திரம் மாதிரி. நாலு பக்க எல்லை எதுவரை என்று அதில் எழுதணும். அதற்கு `கோரிக்கைகள்' என்று பெயர். மோர்ஸின் பேட்டன்ட்டில் எட்டு இருந்தன. முதல் ஏழும் அவர் உருவாக்கிய கருவியையும் இணைப்பையும் குறியீட்டையும் பற்றியவை. எட்டாவதில் அவர் வேலியைத் தூக்கி வானத்தில் நட்டுவிட்டார். மின்காந்தத்தை எந்த விதத்தில் பயன்படுத்தி, எந்தத் தூரத்தில் எழுத்தையோ குறியையோ பதித்தாலும் அது தன்னுடையது என்றார். தான் விவரித்த கருவிக்குள் அடங்க மாட்டேன் என்றும் அதிலேயே எழுதிவைத்தார்.

நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. நாளைக்கு ஒருவர் மோர்ஸின் பொருள்கள் எதையும் தொடாமல், இன்னும் எளிமையாக, இன்னும் மலிவாக ஒரு வழியைக் கண்டுபிடிக்கலாம். எட்டாவது கோரிக்கை நின்றால் அவர் மோர்ஸிடம் அனுமதி வாங்கணும். மோர்ஸோ அந்த வழியை உலகத்துக்குச் சொல்லியே தரவில்லை. தான் சொல்லித்தராத ஒன்றுக்கு எப்படி உரிமை கேட்க முடியும்? சில நீதிபதிகள் இதில் மாறுபட்டார்கள். ஆனாலும், பெரும்பான்மைத் தீர்ப்பில் எட்டாவது கோரிக்கை செல்லாது என்றானது. அதை முன்பே விட்டுக்கொடுக்காததால், ஜெயித்தும்கூட வழக்குச் செலவு மோர்ஸுக்குக் கிடைக்கவில்லை.

ஜெயித்தவரின் ஆறாத கோபம்

பணம் வந்தது. அந்த வருடமே பேட்டன்ட் மேலும் ஏழு ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் சில சேர்ந்து 1858-ல் அவருக்கு 4,00,000 ஃபிராங்க் கொடுத்துக் கௌரவித்தன. ஹட்சன் நதிக்கரையில் அழகான வீடு, இரண்டாவது திருமணம், பேரப்பிள்ளைகள்.

ஆனாலும், ஒரு முள் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஜோசப் ஹென்றி.

ஆரம்பத்தில் ரெண்டு பேரும் நண்பர்கள்தான். நாடாளுமன்றப் பணத்துக்காக மோர்ஸ் அலைந்த காலத்தில் ஆதரவாகக் கடிதம் கொடுத்தவர் ஹென்றி. வழக்கு விசாரணையில் அவரைச் சாட்சியாக அழைத்தார்கள். விருப்பமில்லாமல்தான் வந்தார். தந்தியின் அறிவியல் அடிப்படைகளில் மோர்ஸின் அசல் கண்டுபிடிப்பு என்று எதுவும் தனக்குத் தெரியாது, இருந்த அறிவை ஒன்றுசேர்த்து நடைமுறைக்குக் கொண்டுவந்த பெருமை மோர்ஸுக்கு உண்டு என்ற ரீதியில் உண்மையைச் சொன்னார்.

நிதானமாக யோசித்தால், உச்ச நீதிமன்றம் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்! அறிவியல் ஹென்றியுடையது, கருவி மோர்ஸுடையது. ரெண்டும் ஒன்றையொன்று குறைக்கவில்லை. மோர்ஸால் அதை ஏற்க முடியவில்லை. தீர்ப்புக்கு அடுத்த வருடமே ஹென்றியைத் தாக்கி நீளமான பிரசுரம் வெளியிட்டார். ஹென்றி அப்போது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர். அந்த நிறுவனம் ஒரு குழு அமைத்து விசாரித்து, குற்றச்சாட்டுகளில் உண்மை இல்லை என்று 1858-ல் அறிவித்தது. கேல் எடுத்துக்காட்டிய அந்த ஒரு கட்டுரை இல்லையென்றால், மோர்ஸின் மின்சாரம் 40 அடியிலேயே நின்றிருக்கும். கடன்பட்ட இடத்தில் நன்றி சொல்வதற்குப் பதிலாகச் சண்டை போட்டார்.

மோர்ஸின் இன்னொரு முகத்தையும் மறைக்கக் கூடாது. அடிமை முறையை ஆதரித்து எழுதியவர். கத்தோலிக்கக் குடியேறிகளை வெறுத்தவர். அந்த வெறுப்பைக் கொள்கையாக வைத்து 1836-ல் நியூயார்க் மேயர் தேர்தலில் நின்று மோசமாகத் தோற்றவர். தூரத்து மனிதர்களை இணைக்கும் கருவியைச் செய்தவர், பக்கத்தில் இருந்தவர்களைத் தள்ளிவைக்கச் சொன்னார்.

1871 ஜூனில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் அவருக்குச் சிலை திறந்தார்கள். அன்று மாலை நடந்த விழாவில், உலகத்துக்கான விடைபெறும் செய்தியை ஓர் ஆபரேட்டர் தந்தியில் அனுப்பினார். கடைசியில் தன் பெயரை மட்டும் 80 வயது மோர்ஸ் தன் விரலாலேயே தட்டினார். 1872, ஏப்ரல் 2 அன்று இறந்தார்.

சரி, உங்க ஐடியா?

மோர்ஸ் வழக்கின் தீர்ப்பு பழங்கதை ஆகிவிடவில்லை. கம்ப்யூட்டர் மென்பொருளுக்குப் பேட்டன்ட் கொடுக்கலாமா என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-ல் ஆராய்ந்த ஆலிஸ் வழக்கிலும் மோர்ஸின் பெயர் வந்தது. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-ம் இதே கேள்விகளைத்தான் தன் மொழியில் கேட்கிறது. புதுசா? துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றாத முன்னேற்றம் அதில் இருக்கா? தொழிலில் பயன்படுமா?

அதனால், மோர்ஸ் பட்ட அடிகளிலிருந்து நீங்க எடுத்துக்க வேண்டியவை இவை.

கூகுளில் ஒத்த பெயரைப் பார்த்ததும் துவண்டுடாதீங்க. பழைய பேட்டன்ட்டை முழுசா திறந்து, அதன் கோரிக்கைகளை உங்க கருவியோடு பாகம் பாகமாக ஒப்பிடுங்க. இந்திய பேட்டன்ட் அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம். பெரும்பாலும் வித்தியாசம் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். அது பீங்கான் கைப்பிடியா, ரிலேயா என்று உங்களையே நேர்மையாகக் கேளுங்க.

விண்ணப்பம் போடும் முன்னால் இன்ஸ்டாவிலோ யூடியூபிலோ டெமோ போடாதீங்க. அமெரிக்காவில் ஒரு வருட அவகாசம் உண்டு. இந்தியாவில் சில குறிப்பிட்ட விதிவிலக்குகள் தவிர, நீங்களே வெளியிட்டது உங்களுக்கே எதிராகத் திரும்பும். லண்டனில் மோர்ஸுக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

தேதி போட்டுக் குறிப்பு எழுதுங்க. பல நாடுகளில் இன்று முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. ஆனாலும், கூட்டாளியோ சக ஊழியரோ உரிமை கேட்டு வந்தால், உங்க நோட்டுப் புத்தகம்தான் முதல் சாட்சி.

யாரிடம் என்ன கற்றோம் என்பதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. அதனால் உங்க உரிமை குறையாது என்று நீதிமன்றமே சொல்லியிருக்கு. உங்களுக்கும் ஒரு கேல் வாய்த்தால், ஒரு ஹென்றியின் கட்டுரை கையில் கிடைத்தால், அதை வெளிப்படையாகச் சொல்லுங்க.

கடைசியாக ஒன்று. செய்த அளவுக்குக் கேளுங்க. மோர்ஸ் உண்மையில் உருவாக்கிய ஏழையும் நீதிமன்றம் அவரிடமே விட்டது. இன்னும் யாருமே உருவாக்காததையும் சேர்த்துக் கேட்ட அந்த எட்டாவதை மட்டும்தான் எடுத்துக்கொண்டது.